ஆடு தின்ற வேப்பிலை

கேளுங்கள். கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லாமல் நழுவுகிற ஆளாக இருந்தால் இப்போதே எழுந்து போய்விடலாம். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

ஆலங்கரை என்ற ஊரில் ஒரு சட்டம் இருந்தது. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்துத் தொங்க வேண்டும். நோயாளிக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை அதை எடுக்கக் கூடாது. வெளியாள் யாரும் உள்ளே போகக் கூடாது. இதை மீறி ஊருக்குள் நோயைப் பரவவிட்டால், அதில் பெரிய குற்றவாளி யாரோ அவர் ஆற்றைத் தாண்டிப் போய் மூன்று வருஷம் கிடக்க வேண்டும்.

அந்த ஊரில் தில்லையம்மாள் என்றொரு விதவை. மூத்த மகள் செங்கமலத்துக்கு இரண்டு தடவை சம்பந்தம் கூடிவந்து தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாக ஒரு நல்ல இடம் அமைந்தது. நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம், இளைய மகள், ஆறு வயது வடிவுக்குக் காய்ச்சல் அடித்து முகத்தில் முத்து போட்டது. வைத்தியர் ஏகாம்பரம் வந்து பார்த்து, "ஆத்தா இறங்கியிருக்கா. வாசல்ல கட்டிரும்மா" என்றார். தில்லை அழுதுகொண்டேதான் கட்டினாள். பொழுது விடிந்ததும் மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் அனுப்பி, வர வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகவும் இருந்தாள். பாவம், அது வரைக்கும் அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

விடிந்து தெரு கண் விழிப்பதற்குள் பக்கத்துவீட்டு மூக்கையாவின் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து கொத்து முழுவதையும் தின்றுவிட்டது. மூக்கையா பதறிப்போய் ஓடிவந்தான். "அக்கா, பாழாப்போன ஆடு வேப்பிலையைத் தின்னுருச்சு. வேற கட்டிருங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டை இழுத்துக்கொண்டு போனான்.

தில்லை வெறும் வாசலைப் பார்த்தபடி நின்றாள். நான் எடுக்கவில்லையே, தானாகப் போயிற்றே! ஒருவேளை ஆத்தாவே ஆடு ரூபத்தில் வந்து, இன்றைக்கு ஒரு நாள் காரியத்தை முடித்துக்கொள் என்று உத்தரவு கொடுக்கிறாளோ? மனசுக்கு வேண்டியதைச் சாமி தலையில் கட்டிவிடுவதில் நாமெல்லோருமே கெட்டிக்காரர்கள்தான். அவள் வேறு கொத்துக் கட்டவில்லை.

காலையில் குழந்தையைப் பார்க்க வந்த வைத்தியர் வாசலைக் கண்டு திடுக்கிட்டார். தில்லை அவர் காலில் விழுந்தாள். "இன்னிக்கு ஒரு பொழுது வாய் திறக்காதீங்கய்யா. இதுவும் போச்சுன்னா என் பொண்ணு கன்னியாவே செத்துப்போவா." வைத்தியர் வெகு நேரம் யோசித்து, சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார்.

நிச்சயதார்த்தம் ஜாம்ஜாமென்று நடந்தது. வடிவு பின்கட்டில் முனகிக் கிடக்க, அவளைத் தொட்டுத் துடைத்த கையாலேயே தில்லை தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் பாயசம் ஊற்றினாள்.

பதினைந்து நாளில் பதினோரு வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கியது. எதிர்வீட்டுப் பொன்னுத்தாயின் நாலு வயது மகன் இறந்துபோனான். மாப்பிள்ளை வீட்டாரோடு வந்த வெளியூர்க் கூட்டத்திலிருந்துதான் நோய் வந்திருக்கும் என்று ஊர் பேசிக்கொண்டது. பொன்னுத்தாய் தில்லையின் தோளில் சாய்ந்துதான் அழுதாள். அந்தக் கண்ணீர் பட்ட இடம் தில்லைக்கு நெருப்பாய் எரிந்தது. சோறு இறங்கவில்லை. வடிவு பிழைத்து எழுந்ததைக்கூட அவளால் வாய்விட்டுக் கொண்டாட முடியவில்லை.

யார் மேல் வழக்குப் போடுவது என்று பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கே தெரியவில்லை. சீமையை ஆண்ட சிற்றரசர், "இதில் வழக்காளி ஒருத்தர் இல்லை, ஊர்தான். உண்மை தெரிந்தவர் சபைக்கு வரட்டும்" என்று தண்டோரா போட்டார். தில்லை போனாள். அங்கே அவளுக்கு முன்னால் இரண்டு பேர் கைகட்டி நின்றார்கள்.

"குற்றம் என்னுது சாமி" என்றான் மூக்கையா. "ஆட்டை நல்லாக் கட்டலை. அக்கா வேற கொத்துக் கட்டலைன்னு பார்த்தும், ஆட்டைக் கட்டி வைக்கத் துப்பில்லையான்னு ஏசுவாங்களேன்னு சும்மா இருந்துட்டேன்."

"குற்றம் என்னுடையது" என்றார் வைத்தியர். "நோய் என்ன செய்யும் என்று அறிந்தவன் நான் ஒருவன்தான். ஆனால் கொடுத்த வாக்கு வாயைக் கட்டிவிட்டது. என் மனைவியிடம்கூடக் காரணம் சொல்லவில்லை. பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதே என்று மட்டும்தான் சொன்னேன்."

"ரெண்டு பேரையும் விட்டுருங்க. ஆடு தின்னது ஒரு கொத்துதானே. மரம் அங்கேயேதான் நின்னுது. நான் போய் ஒடிக்கலை" என்றாள் தில்லை.

மூன்று பேரும் தண்டனையைத் தனக்கே தரச் சொல்லி ஆளாளுக்குக் கேட்டார்கள். சிற்றரசர் மூவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சொல்லுங்கள், இவர்களில் ஆற்றைத் தாண்டிப் போக வேண்டியவர் யார்?

யோசித்துவிட்டீர்களா? சரி, சிற்றரசர் சொன்னதைக் கேளுங்கள். போக வேண்டியவர் வைத்தியர்தான். மூக்கையா அந்த நிமிஷமே வந்து சொல்லிவிட்டான். பிறகு மௌனமாக இருந்தது கோழைத்தனம், அதற்குச் சின்னத் தண்டனை போதும். தில்லை பெற்ற பாசத்தில் கண்ணை மூடிக்கொண்டு, நடக்காது என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டாள். வைத்தியர் கண்ணைத் திறந்துகொண்டே இருந்தார். தன் பிள்ளைகளுக்கு என்று வந்தபோது அந்த வாக்கை ஓரமாய் ஒதுக்கிவைக்க அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் அது பூட்டாக இருந்ததா? "எனக்கு ஒன்றுமில்லையா சாமி?" என்று கதறிய தில்லைக்குச் சிற்றரசர் இட்டது ஒரே கட்டளை. பதினோரு வீட்டு வாசலிலும் நின்று, நோய் என் வீட்டிலிருந்துதான் வந்தது என்று அவளே தன் வாயால் சொல்ல வேண்டும். ஒன்பது வீட்டில் திட்டினார்கள், ஒரு வீட்டில் செருப்பைத் தூக்கி எறிந்தார்கள். கடைசியாகப் பொன்னுத்தாய் வீட்டுக்குப் போனாள். அவள் திட்டவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, "ஏன் தில்லை, அன்னிக்குக் காலைல என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கையைக் காலைப் பிடிச்சு, அடுத்த மாசம் வாங்கன்னு நானே சொல்லி அனுப்பியிருப்பேனே" என்றாள்.