அரைஞாணில் ஒரு சாவி

சென்னியப்பனின் அலுவலகச் சுவரில் மூன்று சான்றிதழ்கள் தொங்கின. மூன்றுமே மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல் தொழில் நடத்துவது எப்படி என்று முதலாளிகளுக்கு நடந்த பயிற்சிகளில் வாங்கியவை. ஒன்றில் வலது கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார். ஒன்றில் வேப்பங்கன்று நட்டார். மூன்றாவதில் என்ன செய்தோம் என்று அவருக்கே நினைவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது.

அவருடைய சாயப்பட்டறைக்குப் பின்னால் ஓடை, ஒருநாள் நீலமும் ஒருநாள் சிவப்புமாகப் போய்க்கொண்டிருந்தது.

நான்காவது பயிற்சி ஒரு வருடம், மாதத்துக்கு ஒரு வகுப்பு. நடத்தியவர் எஸ்தர். பதினைந்து வருடம் கழிவுநீர் ஆய்வகத்தில் இருந்தவர். சென்னியப்பனைவிட வயதில் சிறியவர். பன்னிரண்டு முதலாளிகள் உட்கார்ந்திருந்த வகுப்பில், முதல் நாளே சென்னியப்பன் எழுந்துவிட்டார்.

“எஸ்தரம்மா, என்ன செய்யோணும்னு எங்க எல்லாத்துக்கும் தெரியும். கேட்டா ஒப்பிச்சுருவோம். செய்யறதுதான் நடக்க மாட்டேங்குது. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க.”

மற்றவர்கள் சிரித்தார்கள். எஸ்தர் சிரிக்கவில்லை.

“நாளைக்கு உங்க பட்டறைக்கு வர்றேன்ங்ணா.”

வந்தார். ஏ.சி. அறைப் பக்கம் எட்டியும் பார்க்காமல் நேராகப் பின்கட்டுக்கு நடந்தார். சாயத்தண்ணீர் சேரும் தொட்டியிலிருந்து இரண்டு குழாய்கள் கிளம்பின. ஒன்று சுத்திகரிப்பு நிலையத்துக்கு. இன்னொன்று ஓடைக்கு. ஓடைக்குப் போகிற குழாயில் ஒரு வால்வு இருந்தது. அதன் சக்கரம் கைபட்டுக் கைபட்டுப் பளபளத்தது.

“இது எதுக்குங்ணா?”

“அவசரத்துக்குங்க. தொட்டி நிறைஞ்சு வழிஞ்சா.”

“கடைசியா எப்பத் திறந்தாங்க?”

சென்னியப்பன் சூப்பர்வைசர் குப்புராஜைப் பார்த்தார். குப்புராஜ் தன் செருப்பைப் பார்த்தார்.

“நான் திறக்கச் சொன்னதே இல்லீங்க” என்றார் சென்னியப்பன்.

“அதனாலதான் இவ்வளவு சுலபமாத் திறக்குது.”

எஸ்தர் பையிலிருந்து ஒரு சங்கிலியையும் பூட்டையும் எடுத்தார். சக்கரத்தைச் சங்கிலியால் சுற்றிப் பூட்டினார். இருந்தது ஒரே சாவி.

“பீரோவுல வைக்காதீங்க. டிரைவர்கிட்டக் குடுத்து விடாதீங்க. அரைஞாண்ல கட்டிக்குங்க.”

“அரைஞாண்லயா?”

“கட்டறீங்கல்ல?”

குப்புராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சென்னியப்பனுக்குக் காது சூடானது. “கட்டறேன்” என்றார் மெதுவாக.

“திறக்கக் கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன். திறக்கோணும்னா நீங்களே வந்து உங்க கையால திறங்க.”

“இதுதான் பயிற்சியா?”

“இதுதாங்ணா.”

அன்றைக்கு வீட்டில் அவர் சட்டை மாற்றும்போது மனைவி பார்த்துவிட்டாள். “இந்த வயசுல யாருங்க உங்களுக்குத் தாயத்துக் கட்டினது?”

நான்காம் நாள் குப்புராஜ் போன் செய்தார். தொட்டி நிறைந்துவிட்டது. முணுமுணுத்துக்கொண்டே வந்த சென்னியப்பன் சட்டையைத் தூக்கி, முடிச்சை அவிழ்த்து, பூட்டைத் திறந்து, சக்கரத்தைச் சுற்றினார். பட்டறை வைத்து இருபத்தாறு வருடமாகிறது; அந்தச் சக்கரத்தை அவர் தொட்டது அன்றுதான். தண்ணீர் குபுகுபுவென்று ஓடையில் இறங்கியது.

எதிர்க்கரையில் ஒரு பெண் இரண்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். தண்ணீரைக் கண்டதும் கயிற்றை இழுத்து நிறுத்தினாள்.

“இன்னைக்கு என்ன கலருங்க?”

பஸ் எப்போது வரும் என்று கேட்பதைப் போலத்தான் கேட்டாள். சென்னியப்பன் திரும்பிப் பார்த்தார். பதில் சொல்ல வேறு யாரும் இல்லை.

“மெரூன்.”

“மெரூனா? அப்ப மாட்டுக்குத் தண்ணி நாளைக்குத்தான். நீலமா இருந்தாப் பொழுதுக்குள்ள தெளிஞ்சிரும்.”

மாடுகளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வகுப்பு முடிந்ததும் அவர் எஸ்தரிடம் நடந்ததைச் சொன்னார்.

“அவ திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லீங்க. நாலு வார்த்தை திருப்பிப் பேசியிருப்பேன்.”

“சாவி இருக்குதுங்களா?”

“இருக்குது.”

“சரிங்ணா.”

அதற்குப் பிறகும் மூன்று முறை திறந்தார். மூன்று முறையும் கலர் சொன்னார். அப்புறம் என்னவோ, காலையில் பல் துலக்கியதும் குப்புராஜுக்குப் போன் போட்டு, தொட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று கேட்கிற பழக்கம் வந்துவிட்டது.

ஆவணியில் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அப்பா தெய்வசிகாமணி பனியன் ஏற்றுமதி செய்கிறவர். அவருடைய துணிதான் அந்த வாரம் பட்டறையில் இரவு பகலாகச் சாயமேறிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை கப்பலேற வேண்டும். சம்பந்தியாகப் போகிறவரிடம் முடியாது என்று சொல்ல வாய் வராமல், சுத்திகரிப்பு தாங்குகிற அளவுக்கு மேல் சென்னியப்பன் ஒத்துக்கொண்டிருந்தார்.

தட்டு மாற்றி முடித்து, பந்திக்கு இலை போடுகிற நேரம். குப்புராஜ் வியர்க்க விறுவிறுக்க மண்டபத்துக்குள் வந்தார்.

“அண்ணா, தொட்டி கழுத்து வரைக்கும் வந்திருச்சு. சாவி வேணுங்க.”

“மெஷினை நிறுத்தினா?”

“மூணு நாள் நிக்கும். துணி சனிக்கிழமை போகாது.”

பக்கத்தில் இருந்த தெய்வசிகாமணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். “சாவிதானுங்க சம்பந்தி. குடுத்து விடுங்க. சாப்பிடலாம்.”

“குடுத்து விட முடியாதுங்க. நான்தான் போகோணும்.”

“அப்பப் போய்ட்டு வாங்க. இலை காத்திருக்கும்.”

பட்டு வேட்டியோடு வால்வுக்கு முன்னால் போய் நின்றார். சாவியை எடுத்துப் பூட்டுக்குள் நுழைத்தார். எதிர்க்கரையில் அந்தப் பெண் மாடுகளோடு நின்றிருந்தாள். வேட்டியைப் பார்த்தாள்.

“வீட்ல விசேஷங்களா?”

“மகளுக்கு நிச்சயம்.”

“நல்லா இருக்கட்டும்.” ஓடையை எட்டிப் பார்த்து, “இன்னைக்கு என்ன கலருங்க?” என்றாள்.

சென்னியப்பன் சாவியைப் பிடித்தபடியே நின்றார். பின்னால் குப்புராஜ் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

“இன்னைக்கு ஒண்ணும் இல்லீங்க. தண்ணி காட்டுங்க” என்று சொல்லிச் சாவியை உருவினார். “குப்புராஜு, மெஷினை நிறுத்து. எல்லாத்தையும்.”

மண்டபத்துக்குத் திரும்பித் தெய்வசிகாமணியிடம் அவரே சொன்னார். சம்பந்தி பாதிச் சாப்பாட்டில் இலையை மடக்காமல் எழுந்து போனார். நிச்சயம் முறியவில்லை. ஆனால் அவருடைய துணி அதற்கப்புறம் இந்தப் பட்டறைக்கு வரவே இல்லை. சென்னியப்பன் இரண்டு மெஷின்களைக் கழற்றி விற்றார். அந்த இடத்தில் இன்னொரு தொட்டி கட்டினார். ஏழு மாதமாகச் சக்கரம் சுழலவில்லை. பளபளப்புப் போய்த் துருவேறியது.

கடைசி வகுப்பு அன்று அவர் எஸ்தரிடம் ஒரு கேள்வியோடு வந்தார்.

“நாளைக்கு அந்தக் குழாயவே அறுத்து, வாயை அடைச்சு வெல்டு வைக்கப் போறேங்க.”

“வைங்கண்ணா.”

“ஒரு மணி நேர வேலை. இதை நீங்க முத நாளே சொல்லியிருக்கலாம். அரைஞாணும் வேண்டாம், சம்பந்திகிட்டப் பொல்லாப்பும் வேண்டாம். ஏன் சொல்லலை?”

எஸ்தர் அவருக்கான நான்காவது சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“சொல்லியிருந்தா அன்னைக்கே குப்புராஜ் வெல்டு வெச்சிருப்பார்ங்ணா. நிச்சயதார்த்தத்தன்னைக்கு அந்த வெல்டை அவரே அறுத்தும் இருப்பார். நீங்க பந்தியில சாப்பிட்டுட்டு இருந்திருப்பீங்க.”