அவசரம் மூன்றானது

அந்தக் காலத்தில் பறவைகளும் மனிதர்களும் பேசிக்கொள்வார்கள். மலையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே பேச்சுதான். அதில் ‘அவசரம்’ என்றொரு சொல் இருந்தது. ஒரு காரியத்துக்கு உரிய வேளை என்பது அதன் பொருள். விதைக்க ஓர் அவசரம், அறுக்க ஓர் அவசரம் என்பார்கள். யாரும் அதைக் கேட்டுக் குழம்பியதில்லை.

மலை மேல் மாதி என்பவள் வாழ்ந்தாள். அவளுக்கு மூன்று அண்ணன்மார். மூத்தவன் மல்லன், வடக்கே வானம் பார்த்த பூமியில் கம்பு விதைத்தான். அடுத்தவன் கேளன், மேற்கே கடற்கரையில் மிளகு விற்றான். மூன்றாமவன் சாத்தன், கிழக்கே சமவெளியில் ஏரிக்கரைக்குக் காவல் இருந்தான்.

மாதி நிறைமாதமாக இருந்தாள். கணவன் உப்பு வாங்கப் போயிருந்தபோது ஒரு விடியற்காலையில் வலி கண்டது. சுனையில் நின்ற நாரையை அழைத்தாள்.

“நாரையே, என் அண்ணன்மாரிடம் போ. மாதிக்கு வலி எடுத்துவிட்டது, மருத்துவச்சியைக் கூட்டிவர இதுதான் அவசரம் என்று சொல். மூவரில் ஒருவர் வந்தாலும் போதும்.”

“சொல்லிவிடுகிறேன்” என்று நாரை பறந்தது.

வழியில் ஓர் ஆறு. தண்ணீர் வற்றி மீன்கள் சேற்றில் துள்ளின. நாரை இறங்கித் தின்றது. இன்னும் கொஞ்சம் தின்றது. நிமிர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. ‘நின்று பேசினால் ஏன் இத்தனை நேரம் என்று கேட்பார்கள். கடைசிச் சொல் போதும், புரிந்துகொள்வார்கள்’ என்று நினைத்தது. மூன்று ஊரிலும் கீழே இறங்காமல், “மாதி அவசரம் என்றாள்” என்று கூவிவிட்டுப் போய்விட்டது.

மல்லன் பஞ்சத்தில் வளர்ந்தவன். தங்கை வீட்டில் ஏதோ இல்லை போலிருக்கிறது என்று கம்பும் எண்ணெயும் துணியும் சேர்த்து மூட்டை கட்டினான். கட்டி முடிப்பதற்குள் பாதிப் பகல் போயிற்று.

கேளன் கப்பல் வரும் நாள் பார்த்துப் பிழைப்பவன். மலையில் மிளகு மலிந்திருக்கிறது, நல்ல வாய்ப்பு என்று வெறும் சாக்குகளைத் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாக ஏறினான்.

சாத்தன் கரை உடைந்தால் ஓடிப் பழகியவன். கேட்டதும் ஓடினான். மருத்துவச்சி அடுத்த வீட்டில்தான் இருந்தாள். “எங்கே ஓடுகிறாய் சாத்தா?” என்று அவள் கேட்டதற்கு அவன் நின்று பதில் சொல்லவில்லை.

முதலில் வந்தவன் அவன்தான். மாதி தனியாகப் பெற்றிருந்தாள். குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. அதை எடுத்துவிடத் தெரிந்த கை அங்கே இல்லை. குழந்தை அழவே இல்லை.

மற்ற இருவரும் வந்து சேர்ந்தார்கள். மாதி யாரையும் ஏசவில்லை. “மருத்துவச்சி எங்கே அண்ணா?” என்று மட்டும் கேட்டாள்.

“அவசரம் என்றுதான் நாரை சொன்னது. உனக்கு ஏதோ தேவை என்று நினைத்தேன்” என்றான் மல்லன். சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது. கேளன் சாக்குகளை முதுகுக்குப் பின்னால் தள்ளினான்.

“அவள் என்னைக் கேட்டாள், மாதி” என்றான் சாத்தன். “எங்கே ஓடுகிறாய் என்று கேட்டாள். நான் நிற்கவில்லை.”

நாரை மறுபடி சுனையில் வந்து நின்றிருந்தது. மாதி அதன் பக்கம் திரும்பினாள். “உன்னிடம் நான் என்ன சொல்லி அனுப்பினேன்?”

நாரை கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. அதன் பிறகு அது யாரிடமும் பேசவில்லை.

அண்ணன்மார் ஊர் திரும்பினார்கள். “தங்கை சொல்லி அனுப்பியும் மருத்துவச்சி இல்லாமலா போனாய்?” என்று ஊரார் கேட்டார்கள். உண்மையைச் சொல்ல மூவருக்கும் வெட்கம். “அவசரம் என்றால் தேவை என்றுதானே பொருள்?” என்றான் மல்லன். “வாய்ப்பு என்றுதானே பொருள்?” என்றான் கேளன். “உடனே ஓடி வா என்றுதானே பொருள்?” என்றான் சாத்தன். எதிரில் நின்றவர்கள் அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்காமல் ஆமாம் என்றார்கள். பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்தார்கள்.

அன்று முதல்தான் அவசரம் என்ற சொல்லுக்குத் தெலுங்கில் தேவை என்றும் மலையாளத்தில் வாய்ப்பு என்றும் பொருள் ஆயிற்று. நாம் மட்டும் அதைக் கேட்டதும், எதற்கு என்று நின்று கேட்காமல் ஓடுகிறோம்.