கண்ணில்லாத மீன்

காலாப்பட்டுன்னு கடலோரத்துல ஒரு ஊர்ல ஒரு பீங்கான் பட்டறை இருந்துச்சாம். விடியக்காலை ஆறு மணி. சூளைக்குள்ள அறுபது தட்டு. சூளை வாசல்ல ரெஜினா தனியா உட்கார்ந்திருக்கா. அப்பத்தான் நெருப்பை அணைச்சிருக்கா. ம் கொட்டு, மேல சொல்றேன்.

ம்.

அந்தப் பட்டறையில எப்பவும் ரெண்டு பேரு. சக்கரத்துல தட்டு வனையறது ரெஜினா. அதுல மீன் எழுதறது அவ அண்ணன் பொண்டாட்டி அமலோற்பவம். சர்ரு சர்ருன்னு தூரிகை போகும், செதில் வரும், வால் வரும். கண்ணு மட்டும் வைக்க மாட்டா. தட்டை ரெஜினா பக்கம் தள்ளிவிடுவா.

"இந்தா, உசுரு நீ வை. வனைஞ்சது நீதானே?"

"நல்லா இருக்கே அண்ணி! மீன் முழுக்க உனக்கு, புள்ளி மட்டும் எனக்கா?"

"புள்ளியே உனக்குக் கோணலாத்தான் வருது. முழு மீனைக் கொடுத்தா அது கருவாடாத்தான் வரும்."

இப்படியே சிரிச்சுக்கிட்டு வேலை நடக்கும். ரெஜினா கண்ணு வச்சதும் தட்டை கிளேஸ்ல முக்குவாங்க. கிளேஸ்னா மோர் மாதிரி ஒரு வெள்ளைக் கரைசல். முக்கினா மீன் சுத்தமா மறைஞ்சிடும். நெருப்புல வெந்து வந்தாத்தான் அந்த வெள்ளை கண்ணாடியாகி, உள்ள இருக்கிற மீன் நீலமாத் தெரியும்.

அப்புறம் ஐப்பசி மழையில அமலோற்பவத்துக்குக் காய்ச்சல் வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனவ திரும்பி வரல.

ம்.

அவளுக்கு ஒரு பொண்ணு, ஜெனோவா. ஆறு வயசு. அப்பா கப்பல் வேலைக்குத் திரும்பிப் போயிட்டாரு, பொண்ணு அத்தை ரெஜினாகிட்ட இருந்துச்சு. அம்மா கடைசியா எழுதின தட்டு ஒண்ணு அலமாரியில இருந்துச்சு. 'இது உனக்குடி'ன்னு அம்மா சொல்லி வச்ச தட்டு. அது வெந்து வந்தாத்தான் சோறு சாப்பிடுவேன்னு ஜெனோவா உட்கார்ந்துக்கிச்சு. கெஞ்சினா ரெண்டு வாய் கஞ்சி குடிக்கும். கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு.

அப்போ ரெஜினா என்ன பண்ணுனா? மத்த தட்டையெல்லாம் முக்கிட்டு, கடைசியா அந்தத் தட்டை எடுத்தா. அண்ணி எழுதின மீன் கண்ணு முன்னால மறையப்போகுது. பார்க்க முடியல. கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, சளக்குன்னு முக்கிட்டா. சூளைக்குள்ள வச்சா. தீ மூட்டினா.

இப்போ நெருப்பு அணைஞ்சாச்சு. ஆனா உடனே திறக்கக்கூடாது. காத்துப் பட்டா தட்டு படீர்னு வெடிச்சிடும். அமலோற்பவம் இருந்தப்போ, சூளை வாசலை அடைச்சிருக்கிற செங்கல்ல கன்னத்தை வச்சுப் பார்ப்பா. சுடலேன்னாத்தான் திறப்பா.

ஜெனோவா வந்து, "ஆறிடுச்சா அத்தை?"ன்னு கேட்டுச்சு. ரெஜினா கன்னத்தை வச்சா. சுரீர்! "இல்லடி கண்ணு."

சாயங்காலம் திரும்ப வந்துச்சு. நிக்க முடியாம சுவத்தைப் புடிச்சுக்கிட்டு வந்துச்சு. உள்ளேயிருந்து டிங்... டிங்னு சத்தம். தட்டு ஆறுற சத்தமா, விரிசல் விடுற சத்தமா? தெரியல. புள்ளையைப் பார்த்தா, சூளையைப் பார்த்தா ரெஜினா. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒரு செங்கல்லைப் புடிச்சு ஆட்டினா.

அப்போ ஜெனோவா பக்கத்துச் செங்கல்ல தன் கன்னத்தை வச்சுச்சு. வச்ச வேகத்துல எடுத்துச்சு.

"சுடுது அத்தை. அம்மான்னா திறக்க மாட்டாங்க."

ரெஜினா கையை எடுத்துட்டா.

தூங்கிட்டியா?

ம்ஹூம்.

மறுநாள் மத்தியானம் மூணாவது தடவை. ரெண்டு பேரும் கன்னத்தை வச்சாங்க. சில்லுன்னு இருந்துச்சு. ஒவ்வொரு செங்கல்லா எடுத்தாங்க. தட்டு முழுசா இருந்துச்சு. விரல்ல சுண்டினா, டங்ங்னு மணி மாதிரி. நீலமா மீன், செதில் செதிலா.

"கண்ணு எங்க அத்தை?"

ரெஜினா குனிஞ்சு பார்த்தா. கண்ணை மூடிக்கிட்டு முக்கினாளே, மீனுக்குக் கண்ணு வைக்கவே இல்ல! வெந்த தட்டுல இனிமே வைக்கவும் முடியாது.

"மறந்துட்டேண்டி. நான்தான் வைக்கணும். மறந்துட்டேன்."

ஜெனோவா தட்டைத் தூக்கிக்கிட்டு அடுப்படிக்குப் போச்சு. ரசத்துல மிதந்த ஒரு கடுகை விரல்ல எடுத்து, மீன் தலையில, கண்ணு இருக்கவேண்டிய இடத்துல வச்சுச்சு. கொஞ்சம் தள்ளி நின்னு பார்த்துச்சு.

"கோணலா இருக்கு. நீ வச்ச மாதிரியே இருக்கு. சோறு போடு அத்தை."

ரெஜினா போட்டா. அது தின்னுச்சு. அதுக்கப்புறம் தினமும் முதல்ல கடுகு, அப்புறம்தான் சோறு.

பொண்ணு வளர்ந்தப்புறம், ரெண்டாயிரத்துப் பத்தொம்பது, மார்ச் பதினொண்ணு, அந்தத் தட்டு கழுவும்போது நழுவி விழுந்து உடைஞ்சுது. அன்னைக்கு ராத்திரி ஜெனோவா வேற தட்டுல சாப்பிட்டா.

சூளை ஆறிடுச்சு, கதையும் ஆறிடுச்சு. கண்ணை மூடு.