கை வரவில்லை

“எனக்குக் கை வரவே மாட்டேங்குது, டீச்சர்.”

வத்சலா, கெடுத்த இன்னொரு தாளை மேசையில் போட்டார்.

அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. ஊரே அவரை டீச்சர் என்று கூப்பிட்டது. இப்போது ஓவிய வகுப்பில், தன் மகள் வயது ரீட்டாவை அவர் டீச்சர் என்கிறார். அந்த எரிச்சல் வேறு.

ரீட்டா தாளைப் பார்த்தாள். நீலப் பூ இருக்க வேண்டிய இடத்தில் சேற்று நிறம். தூரிகை திரும்பத் திரும்பப் பட்டு, தாளே நார் நாராக உரிந்திருந்தது.

“கை வராம இல்லம்மா. வந்த கை போக மாட்டேங்குது.”

“இதென்ன விடுகதை? ஒழுங்கா ஒரு முறை சொல்லிக் கொடுங்களேன்.”

“ஈரத்துல கலரை வைங்க. கையை எடுங்க. அவ்வளவுதான்.”

“கோணலா ஓடுதே. சரி பண்ண வேண்டாமா?”

ரீட்டா தலையில் கை வைத்துக்கொண்டாள். முதல் வகுப்பிலிருந்து இதே கேள்விதான்.

வத்சலாவுக்கு இது பொழுதுபோக்கு இல்லை. அவர் வரையப் பார்த்தது ஒரு வாழ்த்து அட்டை, மகள் சாருவுக்கு. சாருவின் புது வீட்டுக்குப் போன அன்றே, சமையலறை அலமாரியை மொத்தமாக இறக்கித் தன் இஷ்டத்துக்கு அடுக்கிவிட்டார். “இனிமே இங்க வராதம்மா” என்று சொல்லிவிட்டாள் மகள். நல்லதுக்குத்தான் செய்தேன் என்று விளக்க இவர் தினமும் போன் போட்டார். விளக்க விளக்கச் சண்டை பெரிதானது. இப்போது சாரு போனை எடுப்பதே இல்லை. கையால் செய்த அட்டையைப் பார்த்தாவது மனசு இளகாதா என்று தாய்க்கு ஏக்கம்.

“இந்தாங்க. இதுதான் கடைசித் தாள்,” என்றாள் ரீட்டா.

வத்சலா தாளை நனைத்தார். நீலத்தைத் தொட்டு வைத்தார். அது ஒரு பக்கமாக ஓடியது. பாழாய்ப்போன கை தானாகத் தூரிகையைத் தேடியது.

ரீட்டா அந்தக் கையில் ஒரு டம்ளர் டீயைக் கொடுத்தாள். மறு கையில் இன்னொன்று. இரண்டும் தளும்பத் தளும்ப.

“ரெண்டும் எனக்கா?”

“குடிக்க இல்ல. பிடிச்சிட்டு இருங்க.”

“சுடுது.”

“சுடட்டும்.”

வத்சலா மனதுக்குள் ரீட்டாவைத் திட்டித் தீர்த்தார். நீலம் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு தானாக நின்றது. நின்ற இடத்தில் விளிம்பு மெல்லக் கறுத்து, இதழ் போல மடிந்தது. அப்படி ஓர் இதழை அவர் வரைந்ததே இல்லை.

“காஞ்சிடுச்சு,” என்றாள் ரீட்டா.

வத்சலா டம்ளர்களைக் கீழே வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு. உடனே போனை எடுத்தார். சொல்ல வேண்டியது மனசுக்குள் தயாராக இருந்தது: அட்டை வருகிறது, ஆனால் அன்றைக்கு நான் அப்படிச் செய்தது ஏனென்றால்...

சாருவின் பெயரைத் தொடப் போன விரல் நின்றது.

போனைப் பைக்குள் போட்டார். ஆறிப்போன டம்ளர்களை மறுபடியும் இரண்டு கைகளிலும் எடுத்துக்கொண்டார்.

“அதான் காஞ்சிடுச்சேம்மா. இன்னும் எதுக்குப் பிடிச்சிருக்கீங்க?”

“தாள்தான் காஞ்சிருக்கு, டீச்சர்.”