பட்டுப்பாயில் வராத பாட்டு

மணல்வேலிச் சீமையை ஆண்ட விசயதீர ராஜாவுக்குத் திடீரென்று அழுகைமேல் ஆசை வந்துவிட்டது. கப்பலில் வந்த ஒரு வியாபாரி செய்த வேலை அது. தன் தேசத்தில் கூலியாட்கள் பட்ட கஷ்டத்தையெல்லாம் பாட்டாகப் பாடுவார்கள், கேட்டால் மனசு லேசாகிவிடும் என்று அவன் சொல்லிவிட்டுப் போனான். மறுவாரமே அரண்மனையில் துக்கப்பாட்டுப் பாடசாலை தயார். சாப்பாடும் ஜாகையும் கொடுத்து இரண்டு வருஷப் படிப்பு. முதல் வருஷம் சோதனைக்காக ஒரே ஒருவருக்குத்தான் இடம்.

தலைமை ஆசிரியர் சாரங்க பாகவதர். வித்தை உள்ளவர்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் சோற்றில் நெய் குறைந்ததைத் தவிர வேறு துக்கம் அவர் கண்டதில்லை. அந்த ஒரே இடம் தன் அக்காள் மகன் சௌரிக்கு என்று மனசுக்குள் எப்போதோ முடிவு கட்டிவிட்டார்.

இது அரியகுட்டிக்குத் தெரியும். சபையில் விகடம் பேசிப் பிழைக்கிறவன் அவன். யார் மனசில் என்ன ஓடுகிறது என்று தெரியாவிட்டால் அந்தப் பிழைப்பு நடக்குமா? ஆனால் அன்று அவன் கவலை வேறு. உப்பளத்தில் பாடிக்கொண்டிருந்த முத்துப்பேச்சியை, "அரண்மனைக்கு வந்து பாடிப் பாரு தாயி" என்று கூப்பிட்டவன் அவனே. அவளும் நம்பி மூன்று நாள் நடந்து வந்துவிட்டாள். கால் இரண்டும் உப்பு அரித்து வெடித்துக் கிடந்தன. இடம் கிடைக்காவிட்டால் மறுபடியும் அதே உப்புப் பாத்திதான். அவளைப் பார்க்கவே அரியகுட்டிக்குச் சங்கடமாக இருந்தது.

தேர்வு நாளன்று பட்டுப்பாய் விரித்து, குடிக்கப் பானகமும் கொடுத்தார்கள். ராஜா பாட்டுக் கேட்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது அந்த அரண்மனை வழக்கம். முதலில் சௌரி பாடினான். தேன் போன்ற குரல். கையை விரித்து, கண்ணை மூடி, அழகாக அழுதான். ராஜா கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டார்.

அடுத்து முத்துப்பேச்சி. ஒரு அடி பாடினாள். நிறுத்திச் சுற்றிலும் பார்த்தாள். அதே அடியை மறுபடியும் பாடினாள், மறுபடியும் பார்த்தாள். அதற்குமேல் வரவில்லை.

"அவ்வளவுதானா உன் பாட்டு?" என்றார் பாகவதர்.

"பதில் வரலியே சாமி. ஒருத்தி ஒரு அடியை ரெண்டு தடவ பாடினா, மத்தவங்க ஒவ்வொரு தடவையும் 'ஆமா தாயி'ன்னு சொல்லணும். அப்பத்தான் மூணாவது அடி வரும். எங்க பாத்தியில அப்படித்தான்."

"இது பாத்தி இல்லை அம்மா, சபை!"

சபை சிரித்தது. அரியகுட்டி மட்டும் சிரிக்கவில்லை. அவள் பாடியபோது வாசலில் நின்ற காவல்காரனின் உதடு அசைந்ததையும், அவன் பயந்து வாயைப் பொத்திக்கொண்டதையும் பார்த்திருந்தான். மெல்ல எழுந்துபோய் ராஜாவின் காதில் ஏதோ ஓதினான். ராஜாவின் மீசை துடித்தது. குறும்பு என்றால் அவருக்குச் சர்க்கரைப் பொங்கல்.

"இந்தச் சபையில் பாடிய பாட்டுக்கு உங்கள் இரண்டு பேருக்கும் இடமில்லை," என்றார் ராஜா. "போய் வாருங்கள்."

சௌரி துள்ளி எழுந்தான். "என்ன மாமா இது? இடம் நிச்சயம்னு சொல்லித்தானே கூட்டிட்டு வந்தீங்க! ஊரெல்லாம் சொல்லிட்டேனே!"

பாகவதரின் முகம் வெளுத்தது. அரியகுட்டி பரிவாகப் பக்கத்தில் போனான். "பாவம் தம்பி. இந்தத் துக்கத்தையே கொஞ்சம் பாடிக் காட்டேன்."

"நானே துக்கத்துல இருக்கேன். இப்பப் பாட்டு ஒரு கேடா?" என்று தம்புராவைப் போட்டுவிட்டுப் போனான் சௌரி.

முத்துப்பேச்சி ஒரு கும்பிடு போட்டாள். மிச்சப் பானகத்தைக் குடித்தாள். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். அரியகுட்டி ராஜாவை வாசல் மாடத்துக்கு அழைத்துப் போனான், பாகவதரும் பின்னாலேயே ஓடினார். கோட்டை வாசலைத் தாண்டியதும் அவள் வாய் தானாகத் திறந்தது.

"உப்பு வெளஞ்ச காலு ரெண்டும் ஊருக்குத் திரும்புதே..."

"ஆமா தாயி!" என்றான் காவல்காரன். சபைக்கு வெளியேதான் யாரும் வாயைக் கட்டவில்லையே!

"உப்பு வெளஞ்ச காலு ரெண்டும் ஊருக்குத் திரும்புதே..."

"ஆமா தாயி!" இந்தத் தடவை குதிரைக்காரர்களும் தண்ணீர் சுமந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"அந்த உப்பைத் தின்ன ராசாவுக்கு ஒண்ணும் தோணலே!"

"ஆமா தாயி!" என்று மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது. எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ராஜா! கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. வியாபாரி சொன்னது இதைத்தான் என்று அவருக்கு அப்போது விளங்கியது.

"நிறுத்து, நிறுத்து! இடம் அவளுக்குத்தான்," என்றார். "இனிமேல் என் பாடசாலையில் பாட்டுக் கேட்கிறவர்கள் வாயை மூடக் கூடாது. அந்தப் பட்டுப்பாயைச் சுருட்டி வையுங்கள்."

முத்துப்பேச்சி மூட்டையை இறக்கி வைத்தாள். அப்போதுதான் அவள் அழுதாள். அரியகுட்டிக்கு அன்றைக்குப் போன மூச்சு அப்போதுதான் திரும்பி வந்தது.

பாகவதர் விடவில்லை. "மகாராஜா வாக்கு மாறலாமா? இடமில்லை என்று சொல்லிவிட்டீர்களே!"

"சபையில் பாடியதற்குத்தானே இல்லை என்றார்?" என்றான் அரியகுட்டி. "இது தெருவில் பாடியது."

"அப்படியானால் என் சௌரி?" என்றார் பாகவதர். "அவனுக்கு என்ன குறை? குரல் இல்லையா? தாளம் இல்லையா?"

"எல்லாம் இருந்தது சாமி. துக்கம் ஒன்றுதான் இல்லாமல் இருந்தது," என்றான் அரியகுட்டி. "இன்றைக்கு அதையும் நாங்களே கொடுத்து அனுப்பிவிட்டோம். அடுத்த வருஷம் தாராளமாக வரச் சொல்லுங்கள்!"

ராஜா சிரித்த சிரிப்பில் மாடத்துப் புறாக்கள் பறந்தன. தன் பொன்சரிகைச் சால்வையைக் கழற்றி அரியகுட்டியின் தோளில் போட்டார். "என்ன பாகவதரே, அரியகுட்டி சொன்னது சரிதானே?" என்று கேட்டார்.

பாகவதர் ஒரு கணம் வாசலைப் பார்த்தார், ஒரு கணம் ராஜாவைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, ஈனசுரத்தில், ஆனால் சுருதி பிசகாமல் சொன்னார்:

"ஆமா தாயி."