மைத்துனர் கொண்டுவந்த காளான்

செங்குன்று ஜமீன்தாருக்குப் பிள்ளையில்லை; அவருக்குப் பின் சொத்தெல்லாம் மைத்துனருக்குத்தான். அவர் மைத்துனர் சங்கிலித்துரை ஒருநாள் கூடை நிறையக் காட்டுக்காளான் கொண்டுவந்தார். சமையற்காரி குருவம்மாள் ஜமீன்தார் முன்னாலேயே ஒன்றை எடுத்துப் பார்த்தாள். வெள்ளைக் குடை, அடித்தண்டில் பை மாதிரி ஓர் உறை. அவள் தங்கையைக் கொன்றது இதே காளான்தான்.

"இது விஷம் சாமி. சமைக்க மாட்டேன்."

"என்னையா கொலைகாரன்ங்கிற? நிரூபி, இல்லாட்டி நாக்கை அறுத்துடுவேன்!" என்ற மைத்துனர், ஒரு துண்டை நாய்க்குப் போட்டார். நாய் தின்றுவிட்டு வாலாட்டியது. இந்த விஷம் மெதுவாகத்தான் கொல்லும் என்று குருவம்மாள் சொன்னதை ஜமீன்தாரே நம்பவில்லை.

"போய்ச் சமை" என்றார்.

விருந்தில் ஜமீன்தார் காளான் குழம்பை ஊற்றிப் பிசைந்து உண்டார். சங்கிலித்துரை கோழிக்கறி மட்டும் போதும் என்றார். அவர் இலை காலியானதும் குருவம்மாள் பணிவாகச் சொன்னாள்:

"நீங்க கொண்டுவந்த காளானைக் கோழிக்கறியிலயும் அரைச்சு விட்டேன் சாமி. ருசியா இருந்துச்சா?"

சங்கிலித்துரை தொண்டைக்குள் விரலை விட்டார். "ஐயோ, வைத்தியரைக் கூப்பிடுங்க! செத்துருவேன்!" என்று அலறினார்.

"சாக மாட்டீங்க. அதையெல்லாம் குழிதோண்டிப் புதைச்சுட்டேன். குழம்பில இருக்கிறது நல்ல புற்றுக்காளான். கோழிக்கறியில ஒண்ணும் கலக்கலை."

ஜமீன்தார் கையை உதறிவிட்டு எழுந்தார்.

"நான் தின்னுக்கிட்டிருந்தப்ப உமக்கு வைத்தியர் ஞாபகம் வரலையா, மைத்துனரே?"