சந்தனம் அடைத்த துப்பாக்கி

துப்பாக்கி அடைத்துப் போயிருந்தது.

விலை கேட்கத்தான் தவசியாண்டி அதை மதுரைக்கு எடுத்துப் போனார். துப்பாக்கிக் கடைக்காரர் குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணால் பார்த்தார். கம்பியை விட்டுக் குத்தினார். கம்பி இறங்கவில்லை. சுரண்டினார். மஞ்சளாகத் தூள் உதிர்ந்தது. மோந்து பார்த்தார்.

“சந்தனம்” என்றார்.

தவசியாண்டிக்குப் புரிந்துவிட்டது. வருஷா வருஷம் ஆயுத பூஜை. மோட்டார் பம்பு, மருந்தடிக்கும் மெஷின், கவாத்துக் கத்திரி எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் இடும்போது கைத்துப்பாக்கிக்கும் இட்டார்கள். ஆயுதம் என்றால் அந்த வீட்டில் அதுதானே ஆயுதம்.

“எப்ப அடைச்சிருக்கும்?”

“அடியில இருக்கறது கல்லாப் போச்சு. ரொம்பப் பழசு. முதல் பூஜையிலேயே அடைச்சிருக்கும்.”

“இத்தனை வருஷமாவா?”

“சுட்டிருந்தா உங்க கை போயிருக்கும்.”

தவசியாண்டி விலை கேட்கவில்லை. துப்பாக்கியைத் துண்டில் சுற்றிக்கொண்டு கம்பம் பஸ் ஏறினார். வீட்டுக்குப் போகவில்லை. நேரே விசில் சாமியிடம் போனார்.

*

விசில் சாமி ஒரு காலத்தில் பஸ் கண்டக்டர். ஒருநாள் டிக்கெட் பையை டிரைவர் மடியில் வைத்துவிட்டு மலையடிவாரத்தில் இறங்கிக்கொண்டார். விசிலை மட்டும் கொடுக்கவில்லை. ஏன் இறங்கினீர்கள் என்று கேட்டால் அதை எடுத்து ஊதுவார்.

யாரோ ஒரு பழைய பஸ்ஸைக் கொண்டுவந்து அவருக்காக நிறுத்தியிருந்தார்கள். சக்கரம் கிடையாது. சாமி கண்டக்டர் சீட்டில் உட்கார்ந்திருப்பார். டிரைவர் சீட்டில் யாரையும் உட்காரவிட மாட்டார்.

தவசியாண்டிக்கு அவரைவிட வயது அதிகம். பேரன் எடுத்தவர். சீடர்களில் பெரியவர். வெள்ளி தவறாமல் வருவார். அன்றைக்கு வெள்ளி இல்லை.

“கிழமை மாறிப்போச்சே, பெரியவரே.”

“மனசு சரியில்லே, சாமி.”

“சொல்லுங்க.”

தவசியாண்டி துண்டைப் பிரித்தார். சாமி துப்பாக்கியைத் தொடவில்லை. எட்டிப் பார்த்தார். சந்தன விஷயத்தைக் கேட்டதும் தோள் குலுங்கச் சிரித்தார்.

“சிரிக்காதீங்க சாமி. நான் மூணு வழி வெச்சிருக்கேன். ஒண்ணைச் சொல்லுங்க.”

“என்ன மூணு?”

“மரக்கடை ஜெகதீசன் விலைக்குக் கேக்கறாரு. கொடுத்துடலாம். மேகமலை எஸ்டேட்காரர் ஒருத்தர் இதை வாங்கிக்கிட்டு இரட்டைக்குழல் தர்றேங்கறாரு. மாத்திக்கலாம். இல்லே, சுத்தம் பண்ணி நானே வெச்சுக்கலாம்.”

“இப்ப என்ன அவசரம்?”

“என் மக மலர்க்கொடி கைக்குழந்தைக்காரி. பிள்ளை தவழ ஆரம்பிச்சிட்டான். ‘தலகாணிக்கு அடியில துப்பாக்கி இருக்கற வீட்டுக்கு நான் வர மாட்டேன்’னுட்டா. பேரனை நான் இன்னும் என் வீட்ல தூக்கலே, சாமி.”

“அப்ப வித்துடுங்க. வேலை முடிஞ்சது.”

“வித்துட்டா எனக்குத் தூக்கம் வராது.”

“அப்ப வெச்சுக்கங்க.”

“வெச்சுக்கிட்டா பேரன் வர மாட்டான்.”

“பெரியவரே, படியில நிக்காதீங்க. ஏறுங்க, இல்லே இறங்குங்க.”

தவசியாண்டி தலையைக் குனிந்துகொண்டார்.

சாமி கேட்டார்: “யாருக்காக வாங்கினது?”

“பாதுகாப்புக்கு.”

“ஆளைச் சொல்லுங்க.”

“சேவுகன். என் சித்தப்பா மகன். பக்கத்துத் தோட்டம். முறைத் தண்ணி தகராறுல வாய்க்கால் மேல மண்வெட்டியோட நின்னு, ‘ஒருநாள் உன்னைப் பாத்துக்கறேன்’னான். எல்லாரும் கேட்டாங்க. மறுமாசமே லைசென்ஸுக்கு எழுதிப் போட்டேன்.”

“பாத்துக்கிட்டானா?”

“இல்லே.”

“ஏன்?”

“துப்பாக்கிக்குப் பயந்துதான்.”

“அது அடைச்சிருக்கே.”

“அது அவனுக்குத் தெரியாதே.”

“எலெக்‌ஷன் வந்தா லைசென்ஸ்காரங்க துப்பாக்கியை ஸ்டேஷன்ல கொண்டு போய் வெச்சுடணுமே. அப்ப அது உங்க கையில இருக்காது. ஊருக்கே தெரியும். அப்ப வந்தானா?”

“வரலே.”

“ஏன்?”

“எலெக்‌ஷன் சமயம். போலீஸ் நடமாட்டம் இருக்கும்.”

“சரி. குண்டு எங்கே இருக்கு?”

“பீரோவுல.”

“சாவி?”

“சம்சாரத்துக்கிட்ட. இடுப்புல சொருகியிருப்பா.”

“சேவுகன் அரிவாளோட வந்தா முதல்ல அந்த அம்மாவை எழுப்பிச் சாவி கேக்கணும்.”

“ஆமா.”

“அவங்க எழுந்திரிக்கிற வரைக்கும் அவன் வாசல்ல நிப்பானா?”

மற்ற சீடர்கள் பின் சீட்டில் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தவசியாண்டிக்குக் கோபம் வந்தது. அடக்கிக்கொண்டார்.

“சாமி, நான் வேற ஒண்ணு கேக்கறேன். இத்தனை வருஷம் இதை நம்பித்தான் கண்ணை மூடினேன். இது சுடவே சுடாதுன்னா, என்னைக் காத்தது எது?”

“இது கேள்வி” என்றார் சாமி. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சாமிதான் காத்திருக்கணும்.”

“என்னை இழுக்காதீங்க.”

“நான் மேல இருக்கற சாமியைச் சொன்னேன்.”

“அவரையும் இழுக்காதீங்க. போய் சேவுகன்கிட்ட சொல்லுங்க, துப்பாக்கி அடைச்சிருக்குன்னு.”

தவசியாண்டி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“அவன் வந்து வெட்டிப்புடுவான், சாமி.”

“வெட்டிட்டா வெச்சுக்கறதா, விக்கறதான்னு ரோசனை பண்ற வேலை இல்லே.”

விசிலை எடுத்து ஊதினார். எழுந்து போ என்று அர்த்தம்.

*

தவசியாண்டி போனார். சேவுகன் தோட்டத்து வேலி வரைக்கும் போனார். நாய் குரைத்தது. திரும்பிவிட்டார்.

மறுநாள் பஸ்ஸில் ஏறி, “ஆள் இல்லே, சாமி” என்றார்.

சாமி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை. தவசியாண்டி வெகுநேரம் நின்றார். கொண்டுவந்த பழத்தைக்கூட யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

அங்கிருந்து நேரே நடந்தார். இந்த முறை வேலியில் நிற்கவில்லை. நின்றால் கால் திரும்பிவிடும் என்று அவருக்குத் தெரிந்துபோயிருந்தது.

சேவுகன் மடையைத் திருப்பிக்கொண்டிருந்தான். கையில் மண்வெட்டி. தவசியாண்டியைப் பார்த்ததும் சேற்றிலிருந்து கரையேறி வந்தான். மண்வெட்டியைக் கீழே போடவில்லை.

இரண்டு பேரும் பேசி வருஷக்கணக்காயிற்று. நல்லது கெட்டதில் பார்த்தாலும் ஆளுக்கொரு பக்கம் உட்காருவார்கள்.

“என்னண்ணே. வழி தவறிட்டியா?”

“உன்னைப் பாக்கத்தான் வந்தேன்.”

“பாரு.”

தவசியாண்டி சொல்ல வேண்டியதைச் சட்டென்று சொல்லிவிட்டார்.

“என் துப்பாக்கி அடைச்சிருக்கு. சுடாது.”

சேவுகன் மண்வெட்டியில் ஒட்டியிருந்த சேற்றைக் காலால் தள்ளினான்.

“தெரியும்” என்றான்.

“என்ன தெரியும்?”

“சந்தனம் அடைச்சிருக்குன்னு.”

“யாரு சொன்னா? மதுரைக் கடைக்காரரா?”

“எந்தக் கடைக்காரரு? நீ வாங்கின வருஷம், ஆயுத பூஜைக்கு மறுநாளே எனக்குத் தெரியும். மதினி வந்துச்சு. பொரி கடலையோட. எங்க வீட்ல சொல்லிட்டுப் போச்சு, ‘குழாய்க்குள்ள சந்தனத்தைக் கெட்டியா விட்டு அடைச்சிட்டேன். குண்டு சாவி என் இடுப்புல இருக்கு. அவரு கேட்டாலும் கொடுக்க மாட்டேன். பிள்ளை குட்டிகளோட பயமில்லாம இருங்க’ன்னு. வருஷா வருஷம் பொரி கொண்டாரும். ‘இந்த வருஷமும் விட்டாச்சு’ன்னு சொல்லும். நாங்களும் இங்கேருந்து சுண்டல் கொடுத்து விடுவோம். நீ தின்னிருக்கே.”

தவசியாண்டி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். ஈரம் வேட்டியில் ஏறியது.

“அப்ப எங்கிட்ட ஒண்ணும் இல்லேன்னு உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“பிறகு ஏன் நீ வரலே?”

“எங்கே?”

“என்னை வெட்ட.”

சேவுகன் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

“உன்னை எதுக்குண்ணே நான் வெட்டணும்?”

“வாய்க்கால்ல சொன்னியே. ஒருநாள் பாத்துக்கறேன்னு.”

“சொன்னேன். கோபத்துல சொன்னேன். சாயங்காலம் டீக்கடையில மறந்துபோச்சு. நீதான் லைசென்ஸ் வாங்கி ஞாபகம் வெச்சிருந்தே.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அடைச்சிருக்குன்னு.”

“சொன்னா? நீ புதுசு வாங்கியிருப்பே.”

அவன் சொன்னது நிஜம். வாங்கியிருப்பார்.

“சந்தனம் பூசி பொட்டு வெச்ச துப்பாக்கி” என்றான் சேவுகன். “அதை வெச்சு என்னைச் சுடப்போறியா, பொண்ணு பாத்துக் கல்யாணம் பண்ணி வைக்கப்போறியான்னு எங்க வீட்ல கேட்டுச் சிரிப்பாங்க. கோவிச்சுக்காதே.”

கோபம் வரும் என்று தவசியாண்டி காத்திருந்தார். வரவில்லை. வயிற்றிலிருந்து என்னவோ கிளம்பி வந்தது. சிரிப்பு. வரப்பில் உட்கார்ந்தபடியே, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

சேவுகன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு அவருக்குக் கை கொடுத்தான்.

“எந்திரி. வேட்டி நனையுது.”

*

வீட்டில் சம்சாரம் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“சேவுகனைப் பாத்தேன்” என்றார்.

அரிவாள்மணையில் கை ஒரு கணம் நின்றது. பிறகு ஓடியது.

“சொல்லிட்டாரா?”

“சொல்லிட்டான்.”

“சரி.”

“எனக்கு ஏன் சொல்லலே?”

“அதைத் தலகாணிக்கு அடியில வெச்சுக்கிட்டு நல்லாக் குறட்டை விட்டீங்க. தூங்கற மனுஷனை எழுப்பணுமா?”

“இத்தனை வருஷம் என்னை முட்டாளாக்கிட்டே.”

“கொலைகாரர் ஆக்காம வெச்சிருந்தேன்.”

அவர் எதிரில் உட்கார்ந்தார். ஒரு அவரைக்காயை எடுத்து நார் உரித்தார். அதுவரைக்கும் அந்த வேலையை அவர் செய்ததில்லை. பாதிக் காயை நாரோடு சேர்த்துப் பிய்த்துவிட்டார். அவள் பேசாமல் அதை வாங்கி ஒதுக்கி வைத்தாள்.

“ஜெகதீசன் விலைக்குக் கேக்கறாரு. எஸ்டேட்காரர் மாத்திக்கச் சொல்றாரு. நீ என்ன சொல்றே?”

“வாங்கறப்ப கேக்கலே.”

“இப்பக் கேக்கறேன்.”

“ஜெகதீசனுக்கு அவரு தம்பியோட தகராறு. அவரு எதுக்குக் கேக்கறாருன்னு உங்களுக்குத் தெரியாதா? அவரு வீட்டுக்காரிக்குச் சந்தனம் அரைக்கத் தெரியுமோ, தெரியாதோ.”

“சரி. விக்கலே.”

“இரட்டைக்குழல் வந்தா நான் ரெண்டு குழாய்க்கு அரைக்கணும். எனக்குக் கை வலி.”

“சரி. மாத்தலே.”

“இங்கேயும் வேணாம். ஸ்டேஷன்ல ஒப்படைச்சிட்டு, இனி வேணாம்னு எழுதிக் கொடுத்துடுங்க. லைசென்ஸையும் சேத்து. வர்றப்ப தொட்டில் கட்ட நல்ல கயிறாப் பாத்து வாங்கிட்டு வாங்க. உத்தரத்துல நீங்கதான் கட்டணும்.”

அவர் துப்பாக்கியைத் துண்டில் சுற்றினார்.

“குண்டு?” என்றார்.

அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். அவர் கையை நீட்டினார். அவர் கையில் கொடுக்கவில்லை. அவளே எழுந்து போய்ப் பீரோவைத் திறந்தாள்.

*

வெள்ளிக்கிழமை தவசியாண்டி பஸ்ஸுக்கு வந்தார். நன்றாகத் தூங்கின முகம்.

“துப்பாக்கி?” என்றார் சாமி.

“ஸ்டேஷன்ல ஒப்படைச்சாச்சு.”

“தூக்கம்?”

“வந்துச்சு. வேட்டி அவிழ்ந்தது தெரியாம தூங்கினேன்.”

“பேரன்?”

“நேத்து வந்துட்டான். தொட்டில்ல போட்டு ஆட்டினேன். என் மேலேயே மூத்திரம் போயிட்டான்.”

சாமி தலையாட்டினார். பின் சீட்டில் இருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

“அன்னிக்கு ஒண்ணு கேட்டீங்களே. காத்தது எதுன்னு.”

“ஆமா, சாமி.”

“தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது.”

“சேவுகனா?”

“நல்லவன்தான். அவன் இல்லே.”

“நீங்களே தைரியமாப் போய்ச் சொன்னீங்க. நீங்களா?”

“இல்லே, சாமி.”

“நான்தானே உங்களை அனுப்பினேன். நானா?”

தவசியாண்டி கொஞ்சம் தயங்கினார். பிறகு சொல்லிவிட்டார்.

“நீங்களும் இல்லே, சாமி.”

சாமிக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

“அப்ப யாரு?”

“சம்சாரம்.”

“பேரு இல்லையா அவங்களுக்கு?”

தவசியாண்டி வாயைத் திறந்தார். மூடினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அந்தப் பேரைச் சொன்னதில்லை. ‘இந்தா’ என்பார். ‘ஏய்’ என்பார். மலர்க்கொடி பிறந்த பிறகு, ‘மலரு’ என்று கூப்பிட்டாலும் வந்து நிற்பது அவள்தான். ஊரில் எந்த ஆம்பிளையும் அப்படித்தான்.

பஸ்ஸுக்குள் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“பவுன்தாயி” என்றார்.